மருத்துவமனை ஆணை: ஆண்டுக் கணக்கு சொல்லாத தீர்ப்பு

2023ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் தேதி அதிகாலையில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் மூன்று பேர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு மேலும் மூவர் மீது வேன் ஏற்றப்பட்டது; அவர்கள் உயிர் பிழைத்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் தீர்ப்பு வந்தபோது குற்றவாளிக்கு ஆயுள் சிறை விதிக்கப்படவில்லை. மனச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்டிருந்த அவரைக் கட்டுப்பாடுகளுடன் கூடிய மருத்துவமனை ஆணையின்கீழ் உயர் பாதுகாப்பு மருத்துவமனையில் வைக்குமாறு நீதிபதி உத்தரவிட்டார். இறந்தவர்களின் குடும்பத்தார் கொதித்துப் போனார்கள். தண்டனை மிதமிஞ்சிக் குறைவானது என்று அரசுத் தலைமை வழக்குரைஞர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பிய வழக்கும் 2024 மே மாதத்தில் தோற்றது.

இப்படி ஒரு தீர்ப்பு வரும்போதெல்லாம் "பைத்தியம் என்று சொல்லித் தப்பித்துவிட்டான்" என்ற பேச்சு தவறாமல் எழுகிறது. அந்தக் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த வாசகத்துக்குள் குறைந்தது மூன்று தவறான எண்ணங்கள் ஒளிந்திருக்கின்றன: குற்றவாளி குற்றமற்றவராக விடுவிக்கப்பட்டுவிட்டார் என்பது ஒன்று, மருத்துவமனை என்பது சிறையைவிட எளிதில் வெளியேறக்கூடிய இடம் என்பது மற்றொன்று, டாக்டர் கையெழுத்துப் போட்டால் மறுநாளே ஆள் வெளியே வந்துவிடுவார் என்பது மூன்றாவது. மருத்துவமனை ஆணை என்றால் என்ன, அது எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதைச் சட்டம் படிக்காத ஒருவருக்கும் புரியும்படி விளக்குவதே இந்தக் கட்டுரையின் வேலை. இங்கே சொல்லப்படுவது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும் சட்டம். ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு, அங்குள்ள ஆணைகளின் பெயர்களும் வேறு.

முதலில் ஒரு சிக்கலை அவிழ்க்க வேண்டும். மனநோய் என்பது ஒரு குற்ற வழக்கில் பல கட்டங்களில் தலைகாட்டலாம். ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கப்படும் கேள்வி வேறு. வழக்கு விசாரணையைப் புரிந்துகொண்டு தன் வழக்கறிஞரிடம் பேசக்கூடிய நிலையில் அவர் இருக்கிறாரா என்பது ஒரு கேள்வி. குற்றம் நடந்த நேரத்தில் தான் செய்வது என்ன என்பதோ, அது தவறு என்பதோ தெரியாத அளவுக்கு அவர் மனம் பிறழ்ந்திருந்ததா என்பது இன்னொரு கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்கு 1843ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட மெக்நாட்டன் விதிகளே இன்றும் அளவுகோல். பிரதமர் ராபர்ட் பீலைக் கொல்ல நினைத்ததாகக் கருதப்படும் டேனியல் மெக்நாட்டன், பீலின் செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றார்; மனப்பிறழ்வின் பேரில் விடுதலை செய்யப்பட்டார். அன்றும் பொதுமக்கள் கொதித்தார்கள், விக்டோரியா அரசியாரும் அதிருப்தி அடைந்தார். அதன் விளைவாகவே நீதிபதிகள் அந்த விதிகளை எழுதினார்கள். அந்த 'விடுதலை'க்குப் பிறகு மெக்நாட்டன் ஒரு நாள்கூடச் சுதந்திரமாக நடமாடவில்லை. பெத்லெம் மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, 1864இல் பிராட்மூருக்கு மாற்றப்பட்டு, மறு ஆண்டு அங்கேயே இறந்தார்.

இந்த அளவுகோல் மிகக் கடுமையானது. அதைத் தாண்டி 'மனப்பிறழ்வால் குற்றமற்றவர்' என்ற தீர்ப்பைப் பெறுபவர்கள் மிகச் சிலரே. மருத்துவமனை ஆணையின்கீழ் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்த வழியில் வந்தவர்கள் அல்லர். குற்றத்தை ஒப்புக்கொண்டு, அல்லது நடுவர் குழுவால் குற்றவாளி என்று அறிவிக்கப்பட்டு, அதன் பிறகே ஆணை பெற்றவர்கள். அவர்களுடைய குற்றப் பதிவு அப்படியே நிற்கிறது.

கொலை வழக்கில் மட்டும் ஒரு கூடுதல் படி உண்டு. இங்கிலாந்துச் சட்டப்படி, கொலைக் குற்றம் உறுதியானால் ஆயுள் தண்டனையைத் தவிர வேறெதையும் நீதிபதி விதிக்க முடியாது. மருத்துவமனை ஆணைக்கு அங்கே இடமே இல்லை. ஆனால் மருத்துவ ரீதியாக அங்கீகரிக்கப்பட்ட ஒரு நோயால் தன் செயலைப் புரிந்துகொள்ளும் ஆற்றலோ, சீராக முடிவெடுக்கும் ஆற்றலோ, தன்னைக் கட்டுப்படுத்தும் ஆற்றலோ கணிசமாகக் குன்றியிருந்தது என்றும், அவர் கொன்றதற்கு அதுவே விளக்கமாக அமைகிறது என்றும் குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பு நிரூபித்தால், குற்றம் கொலையிலிருந்து மேன்ஸ்லாட்டர் என்ற அடுத்த படிக்கு இறங்கும். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்து, 2009இல் திருத்தி எழுதப்பட்ட இந்த வாதத்தைக் குறைந்த பொறுப்புநிலை என்கிறோம். நாட்டிங்காம் வழக்கில் நடந்தது இதுதான். மேன்ஸ்லாட்டர் ஆனபின் நீதிபதியின் கை விடுபடுகிறது: ஆயுள் சிறை, குறிப்பிட்ட ஆண்டுகள் சிறை, மருத்துவமனை ஆணை என எல்லாமே அவர்முன் இருக்கும்.

இனி ஆணைக்கு வருவோம். புரிதலுக்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். 26 வயது இளைஞர். பக்கத்து வீட்டுக்காரர் இரவில் சுவரின் துளை வழியாக விஷவாயு செலுத்துகிறார் என்று பல மாதங்களாக நம்பி வருகிறார். துளைகளை ஈரத் துணியால் அடைக்கிறார், ஜன்னல் ஓரம் உட்கார்ந்தபடியே தூங்குகிறார், காதில் கேட்கும் குரல்கள் 'இன்று இரவு உன் கடைசி இரவு' என்கின்றன. ஒரு நாள் மாலை, படியில் நின்றிருந்த அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைச் சமையல் கத்தியால் இரண்டு முறை குத்துகிறார். குத்துப்பட்டவர் பிழைத்துக்கொள்கிறார், ஆனால் அதற்குப் பிறகு அவரால் ஒரு கையைச் சரியாகத் தூக்க முடியவில்லை. இளைஞர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்.

1983ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 37ஆவது பிரிவின்படி இவருக்கு மருத்துவமனை ஆணை பிறப்பிக்க வேண்டுமானால், இரண்டு மருத்துவர்கள் சாட்சியம் தர வேண்டும். அவர்களில் ஒருவராவது மனநோயைக் கண்டறிவதில் தனி அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். மருத்துவமனையில் தடுத்து வைத்துச் சிகிச்சை தருவதே பொருத்தம் என்னும் வகையில் நோயின் தன்மையோ தீவிரமோ இருக்க வேண்டும். அதற்கேற்ற சிகிச்சை கிடைக்க வேண்டும். மது அல்லது போதைப் பழக்கம் மட்டுமே இருந்தால் இந்தச் சட்டம் அதை மனநலக் கோளாறாகக் கருதாது. இவ்வளவும் இருந்தாலும் ஆணை தானாக வந்துவிடாது. குற்றத்தின் தன்மை, குற்றவாளியின் பின்னணி, வேறு வழிகள் அனைத்தையும் சீர்தூக்கி, இதுவே மிகப் பொருத்தமான வழி என்று நீதிபதி முடிவுக்கு வர வேண்டும். மருத்துவர்கள் பரிந்துரைக்கலாம், தீர்ப்பு நீதிபதியுடையது. இரண்டு மருத்துவர்களும் ஒருமித்துப் பரிந்துரைத்த பிறகும் சிறைத் தண்டனை விதித்த நீதிபதிகள் உண்டு.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் நடைமுறையில் பெரிது: படுக்கை. 28 நாள்களுக்குள் அந்த நபரை ஏற்றுக்கொள்ள ஒரு குறிப்பிட்ட மருத்துவமனை தயாராக இருக்கிறது என்ற உறுதி நீதிபதியின் முன் இருந்தாக வேண்டும். படுக்கை இல்லையென்றால், நோய் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், ஆணை பிறப்பிக்க முடியாது. தீர்ப்பு நாள் தள்ளிப்போவதற்கும், கடும் நோயுடன் ஒருவர் சிறை அறையிலேயே வாரக்கணக்கில் காத்திருப்பதற்கும் இது ஒரு காரணம். சிறையில் இருக்கும்வரை மனநலச் சட்டத்தின்கீழ் அவருக்குக் கட்டாயமாக மருந்து கொடுக்க முடியாது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். மருந்து வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால், குரல்கள் தொடர்ந்து பேசிக்கொண்டே இருக்கும். மருத்துவமனையில் நிலைமை வேறு. முதல் மூன்று மாதங்கள் அவர் சம்மதம் இல்லாமலும் சிகிச்சை தரலாம். அதற்குப் பிறகு, அவர் சம்மதிக்காவிட்டால், வெளியிலிருந்து நியமிக்கப்படும் இன்னொரு மருத்துவர் அதைச் சரி என்று சான்றளிக்க வேண்டும்.

இந்த ஆணையைப் பற்றிப் பலருக்கும் தெரியாத, ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படையான செய்தி ஒன்று உண்டு. 37ஆவது பிரிவு முதன்மையாகப் பார்ப்பது தீர்ப்பு நாளில் அந்த நபரின் மனநிலை என்ன என்பதையே. குற்றம் நடந்தபோது நோய் இருந்தே ஆக வேண்டும் என்றோ, நோய்தான் குற்றத்துக்குக் காரணம் என்றோ அந்தப் பிரிவு நிபந்தனை விதிக்கவில்லை. குற்றம் செய்தபோது நலமாக இருந்து, விசாரணைக் காலத்தில் கடுமையாக நோய்வாய்ப்பட்டவருக்கும் சட்டப்படி இந்த ஆணை கிடைக்கலாம். குற்றத்தின்போது நோயுற்றிருந்து, தீர்ப்பு நாளுக்குள் குணமாகிவிட்டவருக்குக் கிடைக்காமல் போகலாம். நோய்க்கும் குற்றத்துக்கும் எவ்வளவு தொடர்பு என்பதை நீதிபதி கட்டாயம் எடைபோடுவார், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனாலும் இந்த ஆணையின் முகம் முன்னோக்கியது. 1989ஆம் ஆண்டு பிர்ச் என்ற வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: மருத்துவமனை ஆணை தண்டனை அல்ல, அந்த நபர் தண்டனை அமைப்பிலிருந்து வெளியே எடுக்கப்பட்டு மருத்துவ அமைப்பின் கையில் ஒப்படைக்கப்படுகிறார்.

இங்கேதான் பொதுமக்களின் குழப்பம் பிறக்கிறது என்று நான் நினைக்கிறேன். சிறைத் தண்டனையில் ஓர் எண் இருக்கிறது. எட்டு ஆண்டு, பதினான்கு ஆண்டு, ஆயுளானால் குறைந்தபட்சம் இத்தனை ஆண்டு. அந்த எண்ணை வைத்துக் குற்றத்தின் கனத்தை நாம் மனத்துக்குள் நிறுத்துப் பார்க்கிறோம். செய்தித் தலைப்பிலும் அந்த எண்தான் வருகிறது. மருத்துவமனை ஆணையில் எண் இல்லை. எண் இல்லாத இடத்தில் பூஜ்யம் இருப்பதாக மனம் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அங்கே இருப்பது முடிவுத் தேதி எழுதப்படாத ஒரு தடுப்புக்காவல். சிறைத் தண்டனையில் அறிவிக்கப்படும் ஆண்டுகள் பெரும்பாலும் முழுமையாக உள்ளே கழிக்கப்படுவதில்லை. ஒரு பகுதியைச் சிறையிலும் மீதியை வெளியே நிபந்தனைகளோடும் கழிப்பதே வழக்கம். நம் இளைஞருக்குக் குறிப்பிட்ட ஆண்டுகள் சிறைத் தண்டனை விதித்திருந்தால், அவர் எவ்வளவு நோயுடன் இருந்தாலும், ஒரு குறிப்பிட்ட தேதியில் வாசல் கதவு திறந்திருக்கும். மருத்துவமனை ஆணையில் அப்படி ஒரு தேதி கிடையாது.

ஆணையில் இரண்டு வகை உண்டு. செய்திகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் தொலைந்துபோகிறது. வெறும் 37ஆவது பிரிவு ஆணை முதலில் ஆறு மாதங்களுக்குச் செல்லும். மறுபடி ஆறு மாதங்கள், அதன் பின் ஆண்டுக்கு ஒரு முறை என்று மருத்துவர் அதைப் புதுப்பிக்கலாம். குணமாகிவிட்டார் என்று பொறுப்பு மருத்துவர் கருதினால் அவரே வெளியே அனுப்பலாம். அவ்வளவு தீவிரமல்லாத குற்றங்களுக்கு இது போதும். மாஜிஸ்திரேட் நீதிமன்றமும் இதைப் பிறப்பிக்கலாம். பொதுமக்களுக்குக் கடும் தீங்கு நேராமல் காக்க வேண்டிய அவசியம் இருந்தால், உயர்நிலைக் குற்றவியல் நீதிமன்றமான கிரௌன் கோர்ட் இதோடு 41ஆவது பிரிவின் கட்டுப்பாட்டு ஆணையையும் சேர்க்கும். மருத்துவர்களில் ஒருவராவது நேரில் வந்து வாய்மொழியாகச் சாட்சியம் சொன்ன பிறகே அதைச் செய்ய முடியும். கட்டுப்பாட்டு ஆணைக்குக் கால வரம்பே இல்லை. அதன்கீழ் உள்ளவரை வெளியே அனுப்பவோ, வேறு மருத்துவமனைக்கு மாற்றவோ, சில மணி நேர விடுப்பில் ஊருக்குள் அனுப்பவோ, மருத்துவர் நீதித்துறை அமைச்சகத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். டாக்டர் கையெழுத்துப் போட்டால் போதும் என்ற எண்ணம் இந்த இடத்தில் உடைகிறது.

நம் இளைஞருக்கு 37, 41 இரண்டும் சேர்ந்த ஆணை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அவர் போகும் இடம் எப்படியிருக்கும்? பாதுகாப்பான மனநல மருத்துவமனைகள் உயர், நடுத்தர, குறைந்த பாதுகாப்பு என்று மூன்று படிகளாக அமைந்தவை. உயர் பாதுகாப்பு மருத்துவமனைகள் இங்கிலாந்தில் மூன்றுதான்: பெர்க்‌ஷரில் 1863இல் திறக்கப்பட்ட பிராட்மூர், நாட்டிங்காம்ஷரில் உள்ள ராம்ப்டன், லிவர்பூல் அருகே உள்ள ஆஷ்வொர்த். மற்றவர்கள் பெரும்பாலும் நடுத்தரப் பாதுகாப்பு வார்டுகளுக்குப் போகிறார்கள். அப்படிப்பட்ட வார்டுக்குள் நுழைய இரட்டைக் கதவு அறை ஒன்றைத் தாண்ட வேண்டும். முதல் கதவு பூட்டிக்கொண்ட பிறகே அடுத்த கதவு திறக்கும். ஊழியர்களின் இடுப்பு வாரில் சாவி தொங்கும், கூடவே அபாய மணியை ஒலிக்கும் கருவியும் இருக்கும். சாப்பாடு முடிந்ததும் கத்தி, முள்கரண்டிகளை எண்ணுவார்கள். ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும்வரை யாரும் உணவறையை விட்டு நகர முடியாது. இரவில் செவிலியர் குறிப்பிட்ட இடைவெளிகளில் வந்து கதவின் சிறு கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, மூச்சு ஏறி இறங்குகிறதா என்று கவனித்துக் குறித்துக்கொண்டு போவார்.

இவையெல்லாம் சிறையைப் போலவே தோன்றலாம். ஆனால் சிறையில் இல்லாத ஒரு வேலை இங்கே நடக்கிறது. மருந்தால் குரல்கள் அடங்கிய பிறகு, பல மாதங்கள் கழித்து, ஒரு நாள் அந்த இளைஞருக்கு விளங்குகிறது: விஷவாயு என்று எதுவும் இல்லை; தன்னைக் கொல்ல யாரும் வரவில்லை; எந்தத் தீங்கும் செய்யாத ஒரு மனிதரைத் தான் குத்தியிருக்கிறோம். இந்தத் தெளிவு வரும் காலம் மிகக் கடினமானது. தற்கொலை ஆபத்தை ஊழியர்கள் கூர்ந்து கவனிக்கும் காலமும் அதுவே. தன் நோயின் அறிகுறிகள் எவை, மருந்தை நிறுத்தினால் எது முதலில் தலைதூக்கும், அன்று மாலை கத்தியை எடுப்பதற்கு முன்னால் என்னென்ன நடந்தது என்று உளவியலாளரோடு உட்கார்ந்து வாரக்கணக்கில் பேச வேண்டும். சிறையில் ஒருவர் தன் குற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் காலத்தை ஓட்டிவிட முடியும். இங்கே அதைப் பேசித் தீர்க்காமல் அடுத்த படிக்கு நகர்வது கடினம்.

படிகள் மிகச் சிறியவை. இரண்டு ஊழியர்கள் உடன்வர வளாகத்துக்குள் பதினைந்து நிமிட நடை. பிறகு ஒரே ஊழியருடன். பிறகு, அமைச்சகத்தின் அனுமதி வந்தால், துணையோடு கடைத்தெரு வரை. ஒவ்வொரு படிக்கும் அறிக்கை, ஆபத்து மதிப்பீடு, காத்திருப்பு. ஏதாவது ஒரு படியில் சறுக்கினால் மறுபடி கீழே.

வெளியேறும் வழி இரண்டு. ஒன்று, நீதித்துறை அமைச்சரின் ஒப்புதல். மற்றொன்று, மனநலத் தீர்ப்பாயம். நீதிபதி ஒருவர், மருத்துவர் ஒருவர், மனநலத் துறையில் அனுபவமுள்ள மற்றொருவர் என மூன்று பேர் கொண்டது அது. முதல் ஆறு மாதங்கள் கழிந்த பிறகு நோயாளி அதனிடம் விண்ணப்பிக்கலாம், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறை. இந்தத் தீர்ப்பாயத்தின் அதிகாரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. முந்தைய 1959ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் கட்டுப்பாட்டில் இருந்தவர்களை விடுவிக்கும் முடிவு உள்துறை அமைச்சரிடமே இருந்தது. தீர்ப்பாயம் ஆலோசனை மட்டுமே சொல்ல முடியும். நிபந்தனையோடு வெளியே வந்து மீண்டும் பிராட்மூருக்கு அழைக்கப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கில், 1981ஆம் ஆண்டு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது போதாது என்று தீர்ப்பளித்தது: ஒருவரைக் காலவரையின்றித் தடுத்து வைக்கும்போது, அது தேவைதானா என்று ஆராய்ந்து விடுவிக்கும் அதிகாரம் நீதிமன்றம் போன்ற ஓர் அமைப்பிடம் இருக்க வேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஏற்றுக்கொண்டது.

இந்த அமைப்பு தவறவே தவறாது என்று நான் சொல்லமாட்டேன். 1962இல், 14 வயதில், குடும்பத்தாருக்கு விஷம் வைத்ததற்காகப் பிராட்மூருக்கு அனுப்பப்பட்ட கிரஹாம் யங் 1971இல் குணமானவர் என்று வெளியே விடப்பட்டார்; சில மாதங்களுக்குள் தன் புதிய வேலையிடத்தில் தேநீரில் விஷம் கலந்து இருவரைக் கொன்றார். அவர் எங்கிருந்து வந்தவர் என்பது அங்கே வேலை செய்தவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை. அந்த அதிர்ச்சிக்குப் பிறகே விடுவிப்பு முறைகள் அடியோடு ஆராயப்பட்டன, வெளியே வருபவர்களைக் கண்காணிக்கும் ஏற்பாடுகள் இறுக்கப்பட்டன. இன்றைய கட்டுப்பாடுகளில் பலவற்றுக்கு அந்தத் தவறு ஒரு வேர்.

இன்று கட்டுப்பாட்டு ஆணையிலிருந்து வெளியே வருபவர் பொதுவாக நிபந்தனையுடனேயே வருகிறார். எங்கே தங்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எந்தச் சிகிச்சையைத் தொடர வேண்டும் என்று விதிக்கப்படும். ஒரு மனநல மருத்துவரும் ஒரு சமூகக் கண்காணிப்பாளரும் அவரைத் தொடர்ந்து சந்தித்து அமைச்சகத்துக்கு அறிக்கை அனுப்புவார்கள். நிலைமை கெடுகிறது என்று தெரிந்தால், புதிதாக எந்தக் குற்றமும் செய்யாவிட்டாலும், அமைச்சர் அவரை மருத்துவமனைக்குத் திரும்ப அழைக்க முடியும். நம் இளைஞர் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வெளியே வந்து, ஒரு நாள் மறுபடியும் சுவர்த் துளையில் ஈரத்துணி திணிக்கத் தொடங்கினால், யார் மீதும் கை வைப்பதற்கு முன்பே அவர் வார்டுக்குத் திரும்பியிருப்பார். சிறையிலிருந்து நிபந்தனைகளோடு வெளியே வந்தவரை நன்னடத்தை அதிகாரி கண்காணிக்கிறார். நோயின் முதல் அறிகுறியைக் கண்டுபிடிக்கும் பயிற்சி அவருடைய தொழிலின் மையம் அல்ல. நோயே ஆபத்தின் ஊற்றாக இருக்கும் ஒருவரைப் பொறுத்தவரை, எது பொதுமக்களுக்கு அதிகப் பாதுகாப்பு என்ற கேள்விக்கு விடை பலர் நினைப்பதற்கு நேர்மாறாக அமைவது இதனால்தான்.

அப்படியானால் நோயுள்ள எல்லோரையும் மருத்துவமனைக்கே அனுப்பிவிடலாமா? சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நோயும் உண்டு, ஆனால் குற்றத்துக்கான பொறுப்பும் கணிசமாக உண்டு என்ற நிலையில் இருப்பவர்களுக்கு 45ஏ பிரிவு வழி செய்கிறது. வழக்கறிஞர்கள் இதைக் கலப்பு ஆணை என்பார்கள். நீதிபதி சிறைத் தண்டனையை ஆண்டுக் கணக்கோடு விதித்துவிட்டு, அதே வேளையில் முதலில் மருத்துவமனைக்கு அனுப்புகிறார். அங்கே குணமானால், தண்டனைக் காலம் மீதமிருக்கும் வரை, அவர் சிறைக்குப் போக வேண்டும். 1997இல் ஆளுமைக் கோளாறு உள்ளவர்களுக்கென்று கொண்டுவரப்பட்ட இது, 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தால் எல்லா மனநலக் கோளாறுகளுக்கும் விரிந்தது.

எதை எப்போது தேர்ந்தெடுப்பது என்பதை 2015ஆம் ஆண்டு வவுல்ஸ் வழக்கும், 2018ஆம் ஆண்டு எட்வர்ட்ஸ் வழக்கும் விளக்கின. 2020 அக்டோபரிலிருந்து தண்டனை வழிகாட்டி ஒன்றும் நடைமுறையில் இருக்கிறது. சிகிச்சை எவ்வளவு தேவை, குற்றம் எந்த அளவுக்கு நோயால் விளைந்தது, தண்டனை எந்த அளவுக்கு அவசியம், எந்த விடுவிப்பு முறை பொதுமக்களை நன்றாகக் காக்கும் என்பவற்றை நீதிபதி எடைபோட வேண்டும். மருந்தை வேண்டுமென்றே நிறுத்தியவரா, நோய் தெரிந்தும் உதவி தேடாதவரா, நோயினால் உதவி தேடவே இயலாதவரா என்பதெல்லாம் இந்த எடையில் சேரும். நாட்டிங்காம் வழக்கிலும் கலப்பு ஆணை பேசப்பட்டது. நோய் இல்லாதிருந்தால் இந்தக் குற்றங்கள் நடந்திரா என்ற சாட்சியத்தின் அடிப்படையில் மருத்துவமனை ஆணையை நீதிபதி தேர்ந்தெடுத்தார். அது சட்டத்துக்கு உட்பட்ட முடிவே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

'பிராட்மூரில் இருப்பவர்கள்' என்று பொதுவாகப் பேசும்போது இன்னொரு கலப்பும் நேர்கிறது. யார்க்‌ஷர் கொலைகாரன் என்று அறியப்பட்ட பீட்டர் சட்கிளிஃபுக்கு மருத்துவமனை ஆணை ஒருபோதும் கிடைத்ததில்லை. 1981இல் நடுவர் குழு அவருடைய குறைந்த பொறுப்புநிலை வாதத்தை ஏற்கவில்லை. பதின்மூன்று கொலைகளுக்கு ஆயுள் சிறை விதிக்கப்பட்டது. 1984இல் அவர் சிறையிலிருந்து பிராட்மூருக்கு மாற்றப்பட்டு, 2016இல் சிறைக்கே திருப்பி அனுப்பப்பட்டு, 2020இல் கைதியாகவே இறந்தார். ஒரே வார்டில் அடுத்தடுத்த அறைகளில் இருக்கும் இருவரில் ஒருவர் தண்டனைக் கைதியாகவும் மற்றவர் தண்டனை பெறாத நோயாளியாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது.

இவ்வளவு சொன்ன பிறகும், பாதிக்கப்பட்டவர்களின் மனக்குறை வெறும் அறியாமையால் வந்தது என்று நான் கருதவில்லை. மருத்துவமனை ஆணை எவ்வளவு நீளமானதாக இருந்தாலும், எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும், ஒரு வேலையை அது செய்வதே இல்லை. 'நீ செய்தது தவறு, அதன் கனம் இவ்வளவு' என்று குற்றவாளியைப் பார்த்து அது சொல்வதில்லை. மகளை இழந்த ஒரு தாய்க்கு, கொலை என்ற சொல் மேன்ஸ்லாட்டராக மாறுவதே இரண்டாவது இழப்பாகத் தோன்றலாம். அவர் எத்தனை ஆண்டுகள் உள்ளே இருப்பார் என்று விளக்குவதால் அந்தக் காயம் ஆறாது, ஏனென்றால் அவர் கேட்பது கால அளவைப் பற்றிய கேள்வி அல்ல. நோயாளியைத் தண்டிப்பது நியாயமா என்ற கேள்வியும், இறந்தவருக்கு நியாயம் கிடைத்ததா என்ற கேள்வியும் ஒரே நேரத்தில் உண்மையானவை. சட்டம் முதல் கேள்விக்கே விடை சொல்கிறது. குற்றத்துக்கு முன்பே நோய் தெரிந்திருந்தும் சிகிச்சை நழுவிப்போன வழக்குகளில் கோபம் இன்னும் நியாயமானது. ஆனால் அது தீர்ப்பு நாளுக்கு வெகு முன்பே நடந்த தவறுகளைப் பற்றிய கோபம். அதற்கான இடம் வேறு. நாட்டிங்காம் நிகழ்வைப் பற்றி 2025இல் அறிவிக்கப்பட்ட பொது விசாரணை அத்தகைய இடம்.

பாதிக்கப்பட்டவர்களுக்குச் சட்டம் தரும் ஏற்பாடு ஒன்று உண்டு. அது போதிய அளவு பேசப்படுவதில்லை. கடும் வன்முறை அல்லது பாலியல் குற்றத்துக்காக மருத்துவமனை ஆணை பிறப்பிக்கப்படும்போது, பாதிக்கப்பட்டவரோ இறந்தவரின் குடும்பமோ தொடர்புத் திட்டம் ஒன்றில் சேரலாம். நம் கற்பனை உதாரணத்தில் குத்துப்பட்ட அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அதில் சேர்ந்திருந்தால், இளைஞரின் விடுவிப்பு பற்றித் தீர்ப்பாயம் கூடும்போது அது அவருக்குத் தெரிவிக்கப்படும். தன்னைத் தொடர்பு கொள்ளக் கூடாது, தான் வசிக்கும் பகுதிக்குள் வரக் கூடாது என்று நிபந்தனை விதிக்கும்படி அவர் கேட்கலாம்; அப்படி விதிக்கப்பட்டதா என்பதும் அவருக்குச் சொல்லப்படும். இளைஞரின் மருந்து, நோய் விவரங்கள் சொல்லப்படமாட்டா. இந்தத் திட்டத்தில் சேர அழைப்பு வருவது தீர்ப்பு முடிந்த அடுத்த சில வாரங்களில். கட்டுப்போட்ட கையோடு வீட்டில் முடங்கியிருக்கும் ஒருவர் அந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே வைத்துவிடக்கூடிய காலம் அது. அப்போது வேண்டாம் என்று விட்டுவிட்டவர்கள், ஆணை நடைமுறையில் இருக்கும் வரை, பிறகும் கேட்டுச் சேர்ந்துகொள்ளலாம்.